பிள்ளையின் மூளைக் கட்டியும் ஆராய்ச்சிப் படிவமும்: மலையகப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மகரகம, கண்டி, கொழும்பு என்று கிளினிக் போகும் பெற்றோருக்கு மொழிபெயர்த்துக் கொடுப்பது என் வேலைகளில் ஒன்று. பிள்ளைக்கு மூளையில் கட்டி என்று தெரிந்த குடும்பங்களிடம் சில நேரம் ஒரு கூடுதல் படிவம் நீட்டப்படும். பிள்ளையின் விவரங்களையும் கட்டியின் துண்டையும் ஆராய்ச்சிக்குப் பயன்படுத்தவும், மற்ற ஆராய்ச்சியாளர்களோடு பகிரவும் அனுமதி கேட்கும் படிவம் அது. அதைக் கையில் வைத்துக்கொண்டு அவர்கள் கேட்கும் கேள்விகள் அநேகமாக ஒரே மாதிரியானவைதான். அவற்றைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

நான் டாக்டர் இல்லை. சிகிச்சை பற்றிய முடிவை உங்கள் டாக்டரோடு பேசித்தான் எடுக்க வேண்டும். படிவத்தைப் பொறுத்தவரை என் எண்ணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: விளங்கிக்கொண்டு கொடுப்பது நல்லது, விளங்காமல் கொடுக்கவே கூடாது.

“தரவு, தரவுன்னு சொல்றாங்களே அக்கா, அப்புடின்னா புள்ளகிட்ட இருந்து என்னத்த எடுக்குறாங்க?”

பெரும்பாலும் புதிதாக எதையும் எடுப்பதில்லை, ஏற்கெனவே இருப்பதைத்தான் கேட்கிறார்கள். கிளினிக் கொப்பியிலும் டயக்னோசிஸ் கார்ட்டிலும் எழுதியிருப்பவை, எம்.ஆர்.ஐ. படங்கள், கொடுத்த மருந்தும் அதன் அளவும், எத்தனை தடவை கதிர் (ரேடியேஷன்) வைத்தார்கள், அதற்குப் பிறகு பிள்ளை எப்படி இருந்தது, கட்டி திரும்பி வந்ததா என்பவை எல்லாம் தரவுதான். ஒபரேஷனில் எடுத்த கட்டியைச் சோதிப்பதற்காக மெழுகில் பதித்து வைப்பார்கள். சோதனை முடிந்து மிஞ்சும் துண்டும் இதில் சேரும்.

சில ஆராய்ச்சிகளில் கொஞ்சம் இரத்தமும் கேட்பார்கள். மரபணுவில் உள்ள மாற்றம் கட்டியில் மட்டும் வந்ததா, பிறக்கும்போதே உடம்பு முழுக்க இருந்ததா என்று ஒப்பிட்டுப் பார்க்க அது தேவை. இரத்தம் கேட்டால் யோசிக்க வேண்டியது இன்னும் கொஞ்சம் இருக்கிறது. கல்யாணம் பற்றிய கேள்வியில் அதைச் சொல்கிறேன்.

“மூளையில கட்டின்னா எல்லாம் ஒன்னுதானே? அதுக்கு ஏன் நாடு நாடா தகவல் சேக்கணும்?”

ஒன்று இல்லை. சிறுவர்களுக்கு வரும் புற்றுநோய்களில் இரத்தப் புற்றுநோய்க்கு அடுத்தபடியாக அதிகம் வருவது மூளைக் கட்டிதான். ஆனால் அதற்குள் எத்தனையோ வகை. ஒவ்வொரு வகையும் அரிது. ஒரு பெரிய வைத்தியசாலையில்கூட ஒரு குறிப்பிட்ட வகை வருடத்துக்குச் சில பிள்ளைகளுக்குத்தான் வரும். நாலைந்து பிள்ளைகளை வைத்து எந்த மருந்து நல்லது என்று யாராலும் சொல்ல முடியாது.

சிறுமூளையில் வரும் மெடுல்லோபிளாஸ்டோமா என்ற கட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். நுண்ணோக்கியில் பார்த்தால் ஒன்றுபோலத் தெரியும் கட்டிகள். ஒரு பிள்ளை பிழைக்கும், இன்னொரு பிள்ளைக்குத் திரும்பி வந்துவிடும், காரணம் தெரியாது. பல நாட்டு ஆராய்ச்சிக் குழுக்கள் தங்களிடம் இருந்த கட்டிகளின் மரபணு விவரங்களை ஒப்பிட்டுப் பார்த்து, 2010இல் அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் கூடி, இது நான்கு பெரிய பிரிவுகள் கொண்ட நோய் என்று உடன்பட்டார்கள். 2012இல் அது வெளியானது. 2016இல் உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்படுத்தலிலும் மரபணு அடிப்படையிலான பிரிப்பு இடம்பெற்றது.

இதனால் பிள்ளைக்கு என்ன லாபம்? அந்த நான்கில் ‘விண்ட்’ என்ற பிரிவைச் சேர்ந்த பிள்ளைகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டோர் பிழைக்கிறார்கள். சின்ன வயதில் மூளைக்கும் முதுகுத்தண்டுக்கும் வைக்கும் கதிர் பின்னாளில் ஞாபகசக்தியையும் படிப்பையும் உயரத்தையும் பாதிக்கும். இப்படி நன்றாகத் தேறும் பிள்ளைகளுக்குக் கதிரின் அளவைக் குறைக்கலாமா என்று இப்போது ஆராய்கிறார்கள். எந்தப் பிள்ளைக்குக் குறைக்கலாம், யாருக்குக் குறைக்கவே கூடாது என்று கேட்கவே முடிந்தது, பலர் தங்கள் கையிலிருந்ததை ஒன்றாக வைத்ததால்தான்.

“இப்புடிப் பகிர்ந்து மருந்து ஏதாச்சும் வந்திருக்கா?”

வந்திருக்கிறது. மெதுவாக வளரும் சில மூளைக் கட்டிகளில் ‘பிராஃப்’ என்ற மரபணு இன்னொன்றோடு ஒட்டிப்போயிருப்பதை 2008இல் கண்டார்கள். அந்த மரபணுவில் வரும் வெவ்வேறு கோளாறுகளைக் குறிவைக்கும் மருந்துகள் பிறகு வந்தன. டப்ராஃபெனிப், ட்ரமெடினிப் இரண்டையும் சேர்த்துக் கொடுக்க 2023 மார்ச்சிலும், டோவோராஃபெனிப்புக்கு 2024 ஏப்ரலிலும் அமெரிக்காவில் பிள்ளைகளுக்கென்று அனுமதி கிடைத்தது.

மூளைத்தண்டில் வரும் டி.ஐ.பி.ஜி. என்ற கட்டி மிகக் கொடியது. ஒபரேஷன் செய்து எடுக்க முடியாத இடம். கதிர் வைத்தாலும் பெரும்பாலான பிள்ளைகள் ஒரு வருடத்துக்குள் போய்விடுகிறார்கள். இந்தக் கட்டிகளில் பெரும்பாலானவற்றில் ஒரே மரபணு மாற்றம் இருப்பது 2012இல் தெரிந்தது. அந்த மாற்றம் உள்ள கட்டிகளுக்கென்று டோர்டாவிப்ரோன் என்ற மருந்துக்கு 2025 ஆகஸ்டில் அமெரிக்கா முதல் அனுமதி கொடுத்தது. இதைக் கேட்டதும் சிலர் “அப்ப சொகமாயிருமா?” என்கிறார்கள். ஆய்வில் சேர்ந்த 50 பேரில் சுமார் ஐந்தில் ஒருவருக்குக் கட்டி சுருங்கியது. அது ஒரு தொடக்கம், குணப்படுத்தும் மருந்து இன்னும் இல்லை. அமெரிக்காவில் அனுமதி கிடைத்தால் நமது வார்டிலும் கிடைக்கும் என்று அர்த்தமில்லை. கிடைக்குமா என்று டாக்டரிடம் நேராகக் கேளுங்கள், கேட்பதில் தப்பில்லை.

“இதெல்லாம் எங்க போயிச் சேருது? யாரு பாக்குறாங்க?”

படிவத்தில் எழுதியிருக்கும் இடத்துக்குத்தான் போக முடியும். ஆகவே அந்த வரியைத் தேடி வாசியுங்கள். உலகில் சில பெரிய தரவுக் களஞ்சியங்கள் இருக்கின்றன. அமெரிக்காவின் பிலடெல்பியாவில் சிறுவர் மூளைக் கட்டிகளுக்கென்றே 2011இல் பல வைத்தியசாலைகள் சேர்ந்து ஒரு வலையமைப்பைத் தொடங்கின. கேப்ரியெல்லா மில்லர் என்ற சிறுமி, தனக்கு மூளைக் கட்டி இருந்தபோதே சிறுவர் புற்றுநோய் ஆராய்ச்சிக்காகக் குரல் கொடுத்தாள். 2013இல் பத்து வயதில் இறந்தாள். அவள் பெயரில் 2014இல் அமெரிக்காவில் சட்டம் வந்து, அதன்படி ஒதுக்கிய பணத்தில் சிறுவர் நோய்களின் மரபணுத் தரவு சேர்க்கப்பட்டு ஆராய்ச்சியாளர்களுக்குத் திறந்துவிடப்பட்டது.

இவற்றில் இரண்டு அடுக்கு இருக்கும். எத்தனை பிள்ளைகளுக்கு என்ன வகைக் கட்டி என்பது போன்ற தொகுப்பு விவரத்தை யாரும் பார்க்கலாம். ஒவ்வொரு பிள்ளையின் முழு மரபணு விவரத்தைப் பார்க்க ஆராய்ச்சியாளர் விண்ணப்பித்து, யார் பிள்ளை என்று கண்டுபிடிக்க முயல மாட்டேன் என்று ஒப்பம் வைத்து, அனுமதி வாங்க வேண்டும்.

நமது நாட்டுப் புற்றுநோய்ப் பதிவேடு வேறு விஷயம். நாட்டில் எத்தனை பேருக்கு எந்தப் புற்றுநோய் என்ற கணக்குக்காக அது. அதையும் ஆராய்ச்சிப் படிவத்தையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

“எம் புள்ளைக்கு இதனால சொகமாகுமா?”

அநேகமாக இல்லை. இன்றைக்குக் கொடுக்கும் தரவு பல வருடம் கழித்து வேறொரு பிள்ளைக்கு உதவும். அரிதாக, ஆராய்ச்சிக்காகச் செய்யும் மரபணுச் சோதனையின் முடிவு உங்கள் டாக்டருக்கே திரும்பி வந்து சிகிச்சைக்கு வழிகாட்டலாம். “முடிவு எங்களுக்குத் திரும்பி வருமா, எத்தனை நாளில்?” என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

“சைன் வைக்காட்டி மருந்து தராம விட்ருவாங்களா?”

விடமாட்டார்கள், விடவும் கூடாது. அரசாங்க வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம், ஆராய்ச்சிக்கும் அதற்கும் முடிச்சுப் போட முடியாது. ஒபரேஷனுக்கு ஒரு ஒப்பம், ஆராய்ச்சிக்கு வேறு ஒப்பம். எந்தத் தாள் எதற்கு என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்.

“பேப்பர் முழுக்க இங்கிலீசு. மிஸ் அவசரமா ‘இந்த எடத்துல சைன் வைங்க’ன்னாங்க. நாங்க என்ன செய்ய?”

வைக்காதீர்கள். “தமிழில் தாங்க, வாசிச்சிட்டு அடுத்த கிளினிக்குக்குக் கொண்டு வாறோம்” என்று சொல்லுங்கள். 1987ஆம் ஆண்டின் அரசியலமைப்புத் திருத்தத்திலிருந்து தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி. அது போக, மனிதர்கள் மீதான ஆராய்ச்சியை ஒழுக்கநெறிக் குழு ஒன்று பரிசீலித்து அனுமதிக்க வேண்டும். பங்குபெறுபவருக்கு விளங்கும் மொழியில் விளக்கம் கொடுத்தார்களா என்பதும் அந்தக் குழு பார்க்க வேண்டிய விஷயம். எந்தக் குழு அனுமதித்தது, அதன் இலக்கம் என்ன, கேள்வி இருந்தால் யாருக்கு போன் எடுக்கலாம் என்பது விளக்கத் தாளில் இருக்கும். இல்லாவிட்டால் அதுவே ஒரு கேள்வி.

நம் ஆட்கள் தாளைக் கண்டால் இரண்டு விதமாக நடப்பதைப் பார்க்கிறேன். சிலர் பயந்து பின்வாங்குகிறார்கள். சிலர் பெரியவர்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று பெருவிரலை நீட்டிவிடுகிறார்கள். இரண்டுக்கும் காரணம் உண்டு. 1948இல் ஒரு சட்டம் நம் குடியுரிமையைப் பறித்தது. 1964இல் நம்மைக் கேட்காமலே இலங்கை, இந்திய அரசாங்கங்கள் இரண்டும் நம்மைப் பங்கு பிரித்துக் கையெழுத்திட்டன. 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரைக்கும் நாடற்றவர்களாக இருந்தவர்கள் நம்மிடையே இன்னும் வாழ்கிறார்கள். அந்தத் தாள்களில் நமக்குப் பேச இடமே இருக்கவில்லை. இந்தத் தாளில் இருக்கிறது. வேண்டாம் என்று சொல்லும் கட்டமும் அதிலேயே உண்டு.

இன்னொன்று. தகப்பன் கொழும்பில் வேலை, தாய் தோட்டத்தில் என்றால் போனில் பேசி முடிவெடுக்க ஒரு கிழமை கேளுங்கள். பக்கத்துக் கட்டிலில் இருப்பவரை மொழிபெயர்க்கச் சொல்லாதீர்கள். பிள்ளையின் நோய் விவரம் அவருக்குத் தெரிய வேண்டியதில்லை.

“பேரை எடுத்துட்டுத்தான் குடுப்பாங்களாம். அப்ப யாருக்கும் தெரியாதுதானே?”

முழுக்கச் சரியில்லை. பெயர், அடையாள அட்டை இலக்கம், விலாசம் எல்லாம் எடுத்துவிட்டு ஒரு குறியீட்டு எண் கொடுப்பார்கள். எந்த எண் எந்தப் பிள்ளை என்ற பட்டியல் வைத்தியசாலையிலேயே பூட்டி இருக்கும். ஆனால் மூளைக் கட்டி அரிய நோய், நம் ஊர்கள் சின்னவை. “ஏழு வயதுப் பெண்பிள்ளை, இன்ன தோட்டம், கீழ் டிவிசன், மூளைத்தண்டில் கட்டி” என்று எழுதினால், பெயர் இல்லாமலே அந்தத் தோட்டத்துக் கடையில் நிற்கும் எல்லோருக்கும் தெரிந்துவிடும். ஆகவே தோட்டத்தின் பெயரை விட்டு மாவட்டம் அல்லது மாகாணம் மட்டும் போகுமா, பிறந்த திகதிக்குப் பதிலாக வயது மட்டும் போகுமா என்று கேளுங்கள்.

தலையின் எம்.ஆர்.ஐ. படத்திலிருந்து முகத்தைக் கணினியில் திரும்ப உருவாக்கலாம். அதனால் பகிரும் முன் முகப் பகுதியை அழித்துவிடும் வழக்கம் உண்டு. மரபணு விவரம் ஒவ்வொருவருக்கும் தனியானது, அதை ஒருபோதும் முழுமையாக மறைத்துவிட முடியாது. அதனால்தான் மேலே சொன்ன இரண்டாவது அடுக்கில், விண்ணப்பித்தவருக்கு மட்டும் என்று பூட்டி வைக்கிறார்கள். படிவத்தில் “யாரும் பார்க்கலாம்” என்று இருக்கிறதா, “அனுமதி பெற்றவர் மட்டும்” என்று இருக்கிறதா என்பது பெரிய வித்தியாசம்.

நம் நாட்டில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் சுகாதாரத் தரவையும் மரபணுத் தரவையும் விசேட பாதுகாப்பு வேண்டிய வகையில் சேர்த்திருக்கிறது. அதை நடைமுறைப்படுத்துவது தள்ளித் தள்ளிப் போனது. சட்டம் இருக்கிறதே என்று விட்டுவிடாமல் படிவத்தில் எழுதியிருப்பதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

“இரத்தத்துலயும் பாப்பாங்களாம். பரம்பர நோயின்னு வந்துட்டா தங்கச்சிக்காரிக்கு நாளைக்கிக் கல்யாணம் ஆகுமா?”

இந்தக் கேள்வியைத் தாய்மார் வார்டுக்கு வெளியே, தனியாகத்தான் கேட்கிறார்கள். முதலில் ஒன்று: பெரும்பாலான மூளைக் கட்டிகள் பரம்பரையாக வருபவை அல்ல, தொற்றுபவையும் அல்ல. சிறுவர் புற்றுநோய்களைச் சேர்த்துப் பார்த்தால் பத்தில் ஒன்பது பிள்ளைகளுக்குப் பிறவியிலேயே வந்த காரணம் எதுவும் கண்டுபிடிக்கப்படுவதில்லை. தாய் செய்த வேலை, சாப்பிட்ட சாப்பாடு, பார்த்த கிரகணம் எதுவும் காரணமில்லை.

மீதிப் பிள்ளைகளிடம் பிறவியிலேயே ஒரு மரபணு மாற்றம் இருக்கும். அது தெரிவதில் நன்மையும் உண்டு. சில மாற்றங்கள் உள்ள பிள்ளைக்குக் கதிர் வைத்தால் பின்னர் வேறு புற்றுநோய் வரும் ஆபத்து கூடுதல் என்பதால் சிகிச்சையே மாறலாம். தம்பி தங்கையை முன்கூட்டியே கவனிக்கலாம். ஆனால் அந்த முடிவு உங்களுக்குச் சொல்லப்பட வேண்டுமா, வேண்டாமா என்பதை நீங்கள்தான் தீர்மானிக்கலாம். நல்ல படிவத்தில் அதற்குத் தனிக் கட்டம் இருக்கும். சொல்வதாக இருந்தால் தனி அறையில், பெற்றோரிடம் மட்டும் சொல்லச் சொல்லுங்கள்.

“நான் மலைக்குக் கொழுந்தெடுக்கப் போற பொம்பள, எனக்குத் தேதியெல்லாம் ஞாபகமில்ல. அதுவும் தரவா?”

மிக முக்கியமான தரவு, உங்களைத் தவிர யாரிடமும் இல்லாதது. முதல் அறிகுறி தெரிந்த நாளுக்கும் நோய் கண்டுபிடித்த நாளுக்கும் இடையில் எவ்வளவு காலம் போனது என்பதைப் பிரித்தானியாவில் கணக்கெடுத்தார்கள். 14 வாரத்துக்கும் மேல். 2011இல் பெற்றோருக்கும் டாக்டர்களுக்கும் அறிகுறிகளைச் சொல்லிக்கொடுக்கும் இயக்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். சில வருடங்களில் அது 7 வாரத்துக்கும் கீழே வந்தது. காலையில் எழும்பியதும் தலைவலியும் வாந்தியும், நடையில் தள்ளாட்டம், திடீரென்று மாறுகண், தலையைச் சரித்துப் பிடிப்பது. நம் பக்கம் இதற்குப் பூச்சி மருந்து கொடுத்து, பித்தம் என்று சொல்லி, கண்ணூறு கழித்துப் பார்த்துவிட்டுத்தான் டிஸ்பென்சரிக்கு வருகிறோம். அங்கிருந்து பெரிய வைத்தியசாலைக்கு எத்தனை நாள் என்று எழுதி வைத்தால்தான் எந்த இடத்தில் நாள் போகிறது என்று காட்ட முடியும்.

திகதி தெரியாவிட்டால் பரவாயில்லை. ஒரு தாய் “தீபாவளி அட்வான்ஸ் குடுத்த அடுத்த நாள்” என்றார். இன்னொருவர் “மாரியம்மன் திருவிழா முடிஞ்ச கிழமை” என்றார். திருவிழாத் திகதி கோயில் நோட்டீசில் இருக்கிறது, அதிலிருந்து எண்ணிக் கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதினோம். சொப்பிங் பேக்கில் சுற்றி மழைக்கு மறைத்துக் கொண்டுவரும் அந்தக் கொப்பியில் இப்படி ஒரு பக்கம் உங்களுடையதாக இருக்கட்டும்.

“வெள்ளக்காரப் புள்ளைங்க தரவு அவ்வளவு இருக்கே. எங்க புள்ளைங்கட இல்லாட்டி என்ன கொறஞ்சிரும்?”

கட்டியைப் பொறுத்தவரை பெரும்பாலும் ஒன்றுதான். ஆனால் மருந்தை உடம்பு ஏற்கும் விதம் எல்லா மக்களிடமும் ஒன்றாக இருப்பதில்லை. இரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் மெர்காப்டோபியூரின் மாத்திரை சில ஆசியப் பிள்ளைகளுக்கு வழக்கமான அளவிலேயே நஞ்சாகிவிடும். காரணமான மரபணு மாற்றம் ஆசிய மக்களிடம் அதிகம், ஐரோப்பியர்களிடம் அரிது. ஆசிய நோயாளிகளின் தரவு சேர்ந்த பிறகே, 2014இலிருந்து, அது வெளிச்சத்துக்கு வந்தது. உலகின் மரபணுத் தரவில் மிகப் பெரும் பகுதி ஐரோப்பிய வம்சாவளியினருடையது. நம் பிள்ளையின் இரத்தத்தில் ஒரு மாற்றம் தெரிந்தால், அது ஆபத்தா சாதாரணமா என்று ஒப்பிட்டுப் பார்க்க ஆள் இல்லாமல் போகும் காரணம் அதுதான்.

உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கில், பணக்கார நாடுகளில் புற்றுநோய் வந்த பிள்ளைகளில் 80 சதவீதத்துக்கு மேல் குணமாகிறார்கள். வசதி குறைந்த பல நாடுகளில் 30 சதவீதம்கூட இல்லை. பிந்தி வருவது, பஸ் காசும் நாட்கூலியும் போகிறதே என்று இடையில் நிறுத்துவது, மருந்து கிடைக்காதது எல்லாம் இதற்குள் இருக்கிறது. அவற்றை பிலடெல்பியாவின் தரவு சொல்லாது. நம் பிள்ளைகளின் கொப்பிகள்தான் சொல்லும்.

“வெளிநாட்டுக் கம்பெனி இத வச்சு மருந்து செஞ்சு விக்கும். எங்களுக்கு என்னா?”

நியாயமான கேள்வி. 1951இல் அமெரிக்காவில் ஹென்றியெட்டா லாக்ஸ் என்ற கறுப்பினத் தாயின் கட்டியிலிருந்து எடுத்த உயிரணுக்கள் அவரைக் கேட்காமலே உலகம் முழுக்கப் போயின, அதில் பலர் சம்பாதித்தார்கள். அவருடைய குடும்பம் ஒரு கம்பெனியோடு உடன்பாட்டுக்கு வந்தது 2023இல்தான். இன்றைக்கும் பெரும்பாலான படிவங்களில் “கிடைக்கும் லாபத்தில் பங்கு இல்லை” என்று ஒரு வரி இருக்கும். கம்பெனிகளுக்கும் கொடுக்கலாமா என்று தனிக் கட்டம் இருந்தால் அங்கே வேண்டாம் என்று போடலாம்.

நம் கொழுந்து கப்பலேறி வேறெங்கோ விலை பெற்றதைத் தலைமுறை தலைமுறையாகப் பார்த்த நமக்கு இந்தச் சந்தேகம் வருவதில் ஆச்சரியமில்லை. கேட்க வேண்டிய பங்கு என்று எனக்குப் படுவது வேறு: மரபணுச் சோதனை இந்த நாட்டிலேயே செய்யும் வசதி, அதைச் செய்யப் பயிற்சி பெற்ற நம் ஆட்கள், மருந்து வரும்போது நம் பிள்ளைகளுக்கும் அதில் இடம். ஒப்பம் கேட்பவரிடம் இதையும் கேளுங்கள். கேட்டுக் கேட்டுத்தான் அந்த வரி படிவத்துக்குள் வரும்.

“புள்ள போயிருச்சு அக்கா. இப்ப வந்து கேக்குறாங்க. குடுக்கலாமா?”

கொடுக்கலாம், கொடுக்காமலும் இருக்கலாம். இரண்டிலும் பிள்ளைக்குச் செய்யும் துரோகம் எதுவும் இல்லை. பெரும்பாலும் கேட்பது ஒபரேஷனில் எடுத்து ஏற்கெனவே மெழுகில் இருக்கும் துண்டையும் கொப்பியில் உள்ள விவரத்தையும்தான். அதற்காகப் பிள்ளையின் உடம்பை யாரும் தொட மாட்டார்கள், புதைத்த குழியைத் தோண்ட மாட்டார்கள். டி.ஐ.பி.ஜி. பற்றி மேலே சொன்ன 2012ஆம் ஆண்டுக் கண்டுபிடிப்புக்கு, பிள்ளை இறந்தபின் பெற்றோர் கொடுத்த கட்டித் திசுக்கள் பெரிதும் உதவின. கருமாதி முடியும் வரைக்கும் பதில் சொல்லத் தேவையில்லை என்று நானே கேட்பவர்களிடம் சொல்லிவிடுவேன்.

“இப்ப குடுத்துட்டுப் பொறகு வேணாம்னு சொல்லலாமா? மகன் பெரியவனாகி ஏன் குடுத்தீங்கன்னு கேட்டா?”

எப்போதும் விலகலாம், காரணம் சொல்லத் தேவையில்லை, சிகிச்சை மாறாது. ஆனால் ஏற்கெனவே வெளியே போய், ஆய்வுக்குப் பயன்பட்டு, முடிவாக வெளிவந்ததைத் திருப்பி எடுக்க முடியாது. அன்றிலிருந்து புதிதாக எதுவும் போகாது, அவ்வளவுதான். அதனால்தான் முதலிலேயே நேரம் எடுக்கச் சொல்கிறேன்.

மகனுக்கு விளங்கும் வயதென்றால் இப்போதே அவனையும் கேளுங்கள். ஏழெட்டு வயதுப் பிள்ளைகூடத் தன் தலைக்குள் என்ன நடக்கிறது என்று கேட்கிறது. பெற்றோர் சரி என்றாலும் பிள்ளை வேண்டாம் என்றால் அதை மதிக்க வேண்டும் என்பது மருத்துவ ஆராய்ச்சி நெறி. அவன் பெரியவனானதும் அவனுடைய அனுமதியை மறுபடி கேட்பார்களா என்று படிவத்தில் பாருங்கள். ஒப்பம் வைத்த படிவத்தின் ஒரு பிரதியை வாங்கி, பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தோடு வையுங்கள். விலக வேண்டுமென்றால் எழுதிக்கொடுக்க வேண்டிய இடமும் தொலைபேசி இலக்கமும் அதில்தான் இருக்கும்.